கொக்கியில் தொங்கிய தொட்டாற்சிணுங்கி

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, சலவை ஆலையின் மூன்றாம் டிரையரின் சுவிட்ச் கைப்பிடியில் ஒரு தொட்டாற்சிணுங்கியின் படம் தொங்கிக்கொண்டிருந்தது.

இதோ, உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான். உள்ளங்கை அகல அட்டை, மேலே ஒரு துளை, துளையில் ஒரு கம்பிக் கொக்கி. விவரம் தெரியாதவர்கள் பார்த்தால், யாரோ தன் குழந்தை வரைந்த படத்தை இயந்திரத்தில் மாட்டி அழகு பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். எங்கள் ஆலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்தப் படத்துக்கு உரியவர் இயந்திரத்துக்குள் இருக்கிறார். அவர் வெளியே வந்து தன் கையால் இதைக் கழற்றும்வரை வேறு யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது.

அதைக் கழற்றியவன் நான். இதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. உங்கள் ஆட்கள் வந்த உடனேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் மென்மையான சுபாவம் உள்ளவன். இது தற்பெருமை இல்லை. என்னோடு பழகிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். யாரையும் திட்டியதில்லை. மனைவி மேல் கை நீட்டியதில்லை. ஆலையில் எத்தனையோ வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். குரலை உயர்த்தியது கிடையாது. யாராவது என்னைப் புண்படுத்தினால் பேச்சை நிறுத்திக்கொள்வேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை, "என்ன சார், முடி கொட்டிடுச்சு போல" என்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் நடந்த சாவுக்குக்கூட நான் போகவில்லை. வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிற மனிதன் என்று அவரே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம்.

என் மனைவிக்கு என் சுபாவம் அத்துப்படி. நான் பேச்சை நிறுத்திய நாட்களில் அவள் கரண்டியைக்கூட சத்தம் வராமல்தான் வைப்பாள். குழாயை மெல்லத் திறப்பாள். யாராவது விருந்தாளி வந்தால் வாசலிலேயே மறித்து, "இன்னைக்கு வேண்டாம்" என்று கண்ணால் சொல்லி அனுப்பிவிடுவாள். அப்படி ஒரு அமைதி எங்கள் வீட்டில் வாரக்கணக்கில் நிலவியதுண்டு. எத்தனை வீடுகளில் இவ்வளவு அமைதி இருக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு தொட்டாற்சிணுங்கி இருக்கிறது. ஆலைக்குப் பின்னால், கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில் முளைத்திருந்ததை வேரோடு எடுத்துவந்து ஒரு பழைய வாளியில் நட்டேன். வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அதை ஒரு முறை தொடுவேன். ஒரு விரல் பட்டால் போதும். இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டே போகும், காம்பு தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஆறுதல். நம்மைப் போல இன்னொரு ஜீவன் இருக்கிறதே என்று. மூடி முடித்ததும் நான் கிளம்பிவிடுவேன். மறுநாள் காலையில் அது மறுபடி தொடுவதற்குத் தயாராக இருக்கும்.

அதன் தண்டில் முள் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் சின்ன முள். அதன் பக்கம் போகாதவர்களைக் குத்தாது.

இனி அட்டைக்கு வருகிறேன்.

எங்களுடையது மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துக் கொடுக்கிற ஆலை. துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம், துணி உலர்த்தும் டிரையர்கள் ஒரு பக்கம். மூன்றாம் டிரையர் ஒரு சிறு அறை அளவு இருக்கும். ஈர விரிப்புகள் அதற்குள் சுழலும்போது ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிவிடும். சில சமயம் ஒரு முனை உருளைக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்போது இயந்திரத்தை நிறுத்தி, சூடு தணிந்ததும் ஓர் ஆள் உள்ளே தவழ்ந்து போய் அதை எடுத்துவிட வேண்டும். கதவு திறந்திருந்தால் ஓடாதபடி அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் அது சண்டித்தனம் செய்தது என்பதால், எப்போதோ ஒரு தகட்டைச் செருகி அதை ஏமாற்றி வைத்திருந்தோம். முதலாளி அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேலை நிற்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னார்.

ஆகவே உள்ளே போகிறவருக்கு இருந்த ஒரே காவல் ஒரு பூட்டுதான். சுவிட்சைக் கீழே இறக்கி, கைப்பிடியில் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். ஆளுக்கொரு பூட்டு, பூட்டில் ஒரு எண். அழகில்லைதான். ஆனால் என்னைப் போன்ற மென்மையானவர்களைப் புண்படுத்தும்படி அதில் ஒன்றும் இல்லை.

ஜனவரியில் முதலாளி எங்கோ ஒரு கருத்தரங்கத்துக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது ஒரு பயிற்சியாளரை அழைத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் பெரிய மணிமாலையும் முகத்தில் நிரந்தரமான சிரிப்புமாக ஓர் அம்மா. எங்களையெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் வட்டமாக உட்காரவைத்து, மூச்சை உள்ளே இழுத்து மெல்ல வெளியே விடச் சொன்னார். சோப்புத்தூளும் நூல்தூசியும் கலந்த காற்று. பாதிப் பேர் இருமினார்கள். பிறகு அவர் பூட்டைக் கையில் எடுத்துக்காட்டினார்.

"இது என்ன சொல்லுது? 'நான் உன்னை நம்பலை'ன்னு சொல்லுது. கூட வேலை செய்யறவங்களைப் பார்த்து சொல்ற வார்த்தையா இது?"

முதலாளி கண்ணை மூடித் தலையாட்டினார். சாவிகள் தொலைந்துகொண்டே இருந்ததில் அவருக்கு ஏற்கெனவே சலிப்பு.

அந்த அம்மாவின் யோசனை இது. எண் மனதைத் தொடாது, உருவம் தொடும். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த செடியை மனதில் வைத்து, அந்தச் செடியாகவே தன்னை வரைய வேண்டும். அந்தச் சுயசித்திரம்தான் இனி இயந்திரத்தில் தொங்கும். ஒரு சகமனிதனின் உள்ளத்தையே கொக்கியில் பார்த்த பிறகு எவனுக்கு சுவிட்சைப் போட மனசு வரும்?

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன் மட்டும் கையைத் தூக்கினார். "அப்ப பூட்டும் இருக்கும், படமும் இருக்கும், அப்படித்தானேம்மா?"

"பூட்டு இருந்தா படத்துக்கு என்ன மரியாதை அண்ணா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வண்ணப் பென்சில்களைப் பரப்பிவைத்து எல்லோரும் வரைந்தார்கள். முதலாளி தன்னை ஆலமரமாக வரைந்துகொண்டார். யாருக்கும் ஆச்சரியமில்லை. அதன் நிழலில் வேறு எதுவும் முளைப்பதில்லையே என்று யாரும் கேட்கவும் இல்லை. பாய்லர் அண்ணன் வாழை. கணக்குப் பார்ப்பவர் தாமரை. தண்ணீரில் இருந்தாலும் ஒட்டாது என்று விளக்கம் வேறு கொடுத்தார். மடிப்புப் பகுதியின் தலைவியை எல்லோரும் மடிப்பு அக்கா என்போம். அவர் முருங்கை வரைந்தார். "ஆளாளுக்கு வந்து ஒடிக்கிறீங்க. நானும் துளிர்த்துக்கிட்டே இருக்கேன்" என்றார். இஸ்திரிப் பகுதியில் இரண்டு பெண்கள் ரோஜாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதில்தான் ஒரு விதி பிறந்தது.

"ஒரே படம் ரெண்டு பேருக்கு இருந்தா, உள்ளே யாரு இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? ஒரு செடி ஒருத்தருக்குத்தான். முதல்ல கொடுத்தவங்களுக்கே" என்றார் பயிற்சி அம்மா. ஒருத்தி செம்பருத்தியாகி மூலையில் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது விதியை அவரே சுவரில் எழுதி ஒட்டினார்: படம் யாருடையதோ, அவர் மட்டுமே அதைக் கழற்றலாம். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை மீறவில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எனக்கு என்ன செடி என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனால் மற்றவர்களைப் போல அவசரமாகக் கிறுக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. மேலும் அந்த மதியம், ஒரு மருத்துவமனையின் மூட்டைகள் மாறி வந்துவிட்டன என்று என்னை இறக்குமிடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஞாயிறு முழுவதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வரைந்தேன். இலைகள் எல்லாம் மூடியிருந்தன. தண்டு குனிந்திருந்தது. மேலே வானத்திலிருந்து ஒரு பெரிய விரல் இறங்கி வருகிறது. அது யாருடைய விரல் என்று நான் வரையவில்லை. பார்ப்பவர்கள் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பயிற்சி அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கோணியது.

"ஐயோ சார், இது ஏற்கெனவே போயிடுச்சே."

என் மைத்துனன் முந்திக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. தாய் இல்லாத பிள்ளை. அவள்தான் தூக்கி வளர்த்தாள். ஆலையில் அவனைப் பழுது பார்க்கும் வேலையில் சேர்த்துவிட்டவன் நான். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான், எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான், எங்கள் ஜன்னலில் இருந்த செடியைத்தான் பார்த்தான். சிரித்த முகம். யார் கேலி செய்தாலும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவனுக்கு ரோஷமே கிடையாது என்று நான் என் மனைவியிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை வட்டத்தில் அவன் என்ன சொன்னான் என்று மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள். அப்படியே சொல்கிறேன். "எங்க அக்கா வீட்டுல ஒண்ணு இருக்குங்க. தொட்டா மூடிக்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானா திறந்துக்கும். நானும் அந்த ரகம்தான். கோவம் வரும், நிக்காது." எல்லோரும் கைதட்டினார்களாம். மடிப்பு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

அவன் படத்தைப் பாருங்கள். இலைகளை எல்லாம் விரித்து வைத்திருக்கிறான். ஒரு பூ வேறு. விரிந்த இலையோடு தொட்டாற்சிணுங்கியை வரைவது, படுத்துத் தூங்குகிற குதிரையை வரைந்து பந்தயக் குதிரை என்பது போல. அந்தச் செடியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நான் என் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு செடி சொல்லுங்கள் சார் என்று பயிற்சி அம்மா கெஞ்சினார். எனக்கு வேறு செடி கிடையாது. அன்றைக்கே அட்டைகளையெல்லாம் துளை போட்டுக் கொக்கி மாட்டக் கொடுக்க வேண்டுமாம். உடனே அந்த அம்மாவுக்கு ஒரு ஞானோதயம்.

"நம்ம நண்பர்கள் நம்மளை எப்படிப் பார்க்கறாங்களோ, அதுவும் ஒரு சுயசித்திரம்தான். எல்லாரும் சொல்லுங்க, சாருக்கு எந்தச் செடி பொருத்தம்?"

"சார் உசந்த ஆளு. பனைமரம் போட்டுருங்க" என்றார் இஸ்திரிக்காரர். அவருக்கு அந்த வாரம் விடுப்பு வேண்டியிருந்தது.

"கள்ளி" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். குரலை வைத்து அது யார் என்று பிறகு கண்டுபிடித்தேன்.

மடிப்பு அக்கா விரிப்பை மடித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "வெங்காயம்."

"ஏன்க்கா?"

"கிட்டப் போனா அதுக்கு ஒண்ணும் ஆகாது. நமக்குத்தான் கண்ணுல தண்ணி."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. டிரையர்களின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முதலாளி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மைத்துனனும் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும் விடுங்க, பாவம் அத்தான்" என்றான்.

மற்றவர்கள் சிரித்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தப் "பாவம்" என்ற சொல்தான் எனக்குள் தங்கிவிட்டது.

"வெங்காயம் ரொம்ப ஆழமான குறியீடு சார்" என்றார் பயிற்சி அம்மா. "அடுக்கு அடுக்கா உரிச்சுக்கிட்டே போகலாம்." உரித்த பிறகு உள்ளே என்ன இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஊதாப் பென்சிலை எடுத்து அவரே வரைந்தார். என் கொக்கியில் வெங்காயம் ஏறியது.

அதன்பிறகு ஆலையில் சில மாற்றங்கள் செய்தேன். அவை இதோடு தொடர்புடையவை என்று மடிப்பு அக்கா உங்களிடம் சொல்லியிருப்பார். அப்படியில்லை. மருத்துவமனை அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும் இடத்தில் அனுபவமுள்ள ஆள் தேவைப்பட்டது. அவரை அங்கே மாற்றினேன். இரத்தம், சீழ், சில நேரம் ஊசிகூட விரிப்போடு வரும். கவனமாக வேலை செய்கிறவர்கள்தான் அங்கே இருக்க வேண்டும். கள்ளி என்றவருக்கு நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். கள்ளிக்கு வெயில் ஆகும் என்பார்கள். பனைமரம் என்றவருக்கு விடுப்பு கொடுத்தேன். நான் பழிவாங்குகிறவனாக இருந்தால் அவருக்குக் கொடுத்திருப்பேனா?

மைத்துனன் என்னிடம் வந்து நின்றான். "அத்தான், மடிப்பு அக்காவைப் பழைய இடத்துக்கே அனுப்பிடுங்க. அவங்களுக்கு மூச்சுத் திணறுது. ஒரு பேச்சுக்குச் சொன்னதை இவ்வளவு தூரம் எடுத்துக்கலாமா?" நான் மூடிக்கொண்டுவிட்ட சமயம் அது.

வீட்டிலும் விஷயம் தெரிந்துவிட்டது. என் மனைவி சமையலறையில் எதையோ அரிந்துகொண்டே, "உங்களுக்கு என்ன செடி கொடுத்தாங்க?" என்று கேட்டாள். நான் சும்மா இருந்தேன். "வெங்காயம்க்கா" என்றான் அவன். அவள் கையில் இருந்ததும் அதுதான். கத்தியைக் கீழே வைத்தாள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மறுபடி திரும்பியபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. அரிந்ததால் வந்ததா, சிரித்ததால் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளோடும் பேசவில்லை.

நீங்கள் நினைப்பது போல நான் எதையும் திட்டம் போடவில்லை. தினமும் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். யாராவது ஓர் இயந்திரத்துக்குள் நுழையும்போது அவரவர் படம் தொங்கும். முருங்கை தொங்கும், தாமரை தொங்கும். மூன்றாம் டிரையரில் பெரும்பாலும் அவன்தான் உள்ளே போவான். அப்போதெல்லாம் அந்தக் கைப்பிடியில் நான் தொங்கிக்கொண்டிருப்பேன். என் சொந்த உருவம், இன்னொருவன் பெயரில், இலைகளைப் பப்பரப்பே என்று விரித்துக்கொண்டு. அதைக் கடந்துதான் நான் தினமும் போக வேண்டும். உங்கள் முகத்தை ஒருவன் முகமூடியாகப் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்ச் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, அவன் என் நாற்காலிக்கு முன்னால் தரையில் வந்து உட்கார்ந்தான். என் மனைவி கதவருகே நின்றாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"அத்தான், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தச் செடி உங்க செடிதான். எனக்கு அது தோணவே இல்லை, சத்தியமா. வீட்டுல பார்த்துக்கிட்டே இருக்கேனா, கை தானா வரைஞ்சுடுச்சு. நீங்களே வெச்சுக்கோங்க. புதன்கிழமை அந்தம்மா வருவாங்க இல்ல, அப்ப சொல்லி மாத்திடலாம். வெங்காயத்தை நான் வாங்கிக்கறேன்."

"உனக்கு எதுக்குடா வெங்காயம்?" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இருக்கட்டும்க்கா. எது தொங்கினா என்ன, சுவிட்சைப் போடாம இருந்தா சரி."

இதை அவன் சொன்னான். நான் சேர்த்துச் சொல்லவில்லை. என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

"வாங்கிக்கோங்களேன்" என்றாள் அவள் என்னைப் பார்த்து. "எத்தனை நாளைக்குத்தான் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்க? வீடு வீடாவா இருக்கு?"

நான் யோசித்தேன். எனக்கு என்னையே தானமாகக் கொடுக்க ஒருவன் தரையில் உட்கார்ந்திருக்கிறான். வாங்காவிட்டால் நான் பிடிவாதக்காரன். வாங்கினால் அவன் பெருந்தன்மைக்காரன். அவ்வளவு தூரம் யோசித்துத்தான் செய்கிறானா, அல்லது உண்மையிலேயே ஒன்றும் தெரியாத வெகுளியா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுளிதான். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. வேண்டுமென்று செய்தவனைக்கூட ஒருநாள் மன்னிக்கலாம்.

"சரி" என்றேன். பல வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் பேசிய முதல் சொல்.

இருவருக்கும் ஒரே சந்தோஷம். அவள் டீ போட்டாள். கரண்டியை நன்றாகச் சத்தம் வரும்படி வைத்தாள். அவன் ஏதோ ஜோக் சொன்னான், அவள் அவன் தலையில் குட்டினாள். அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை வலித்தது.

இனி, நீங்கள் கேட்கும் திங்கட்கிழமை.

காலையில் வழக்கம்போல செடியைத் தொட்டேன். அது மூடியதும் கிளம்பினேன். ஆலையில் மூன்றாம் டிரையர் நின்றிருந்தது. விரிப்பு மாட்டிக்கொண்டது என்று சொன்னார்கள். கைப்பிடி கீழே இறங்கியிருந்தது, அதில் அட்டை தொங்கியது. உள்ளே அவன் இருந்தான். துணியை இழுக்கிற சத்தமும், இடையிடையே அவன் வாய்க்குள் முணுமுணுக்கிற ஏதோ பாட்டும் கேட்டன.

நான் அட்டை முன்னால் நின்றேன். இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையே அந்தப் படத்தை அவன் எனக்குக் கொடுத்துவிட்டான், சாட்சியோடு. நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன். அந்தம்மாவிடம் சொல்வது வெறும் சடங்கு. அப்படியானால் திங்கட்கிழமை காலை அங்கே தொங்கியது யாருடைய படம்? என்னுடையது. என்னைக் கேட்காமல் அவன் மாட்டியிருந்தான். படம் யாருடையதோ, அவர் மட்டுமே அதைக் கழற்றலாம். சுவரில் அது என் கண் மட்டத்தில்தான் ஒட்டியிருந்தது. நான் அதை ஒரு முறை படித்துவிட்டுத்தான் கழற்றினேன்.

கொக்கி கைப்பிடியில் உரசிய சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு, அத்தானா? ஒரே ஒரு முனைதான் பாக்கி. இதோ வந்துட்டேன்."

"ம்" என்றேன். இரண்டு நாளில் அவனோடு நான் பேசிய இரண்டாவது சொல்.

கதவை நான் மூடவில்லை. மூடியிருந்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்திருக்கும். கைப்பிடியை ஏற்றினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அட்டை தொங்காத இயந்திரத்தை ஓட்டுவது மேற்பார்வையாளரின் வேலைதானே. வேலை நிற்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு உத்தரவு.

கோபத்தில் செய்தீர்களா என்று கேட்டீர்கள். கோபப்படுவது என் சுபாவம் இல்லை. என்னைத் தொட்டார்கள், நான் மூடிக்கொண்டேன். மூடும்போது இலைக்குள் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால் அதற்குச் செடி என்ன செய்யும்?

இயந்திரத்தை ஏன் உடனே நிறுத்தவில்லை என்று இன்னொரு கேள்வி. அதற்குள் பாய்லர் அண்ணன் ஓடி வந்து நிறுத்திவிட்டார். அவர் என்னைத் தள்ளிவிட்டதில் என் முழங்கை சுவரில் இடித்தது. இதுவரை அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. நான் அப்போது அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரையர் பக்கம் தொங்குகிற எதிலும் நூல்தூசி படிந்துவிடும். துடைத்துச் சட்டைப் பையில் வைத்தேன். அங்கிருந்துதான் உங்கள் ஆட்கள் அதை எடுத்தார்கள்.

என் மைத்துனன் அன்று மதியம் மருத்துவமனையில் இறந்தான். அவனைக் கிடத்தியிருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் ஆலையின் முத்திரை இருந்தது. நன்றாக வெளுத்திருந்தார்கள்.

முதலாளி பத்திரிகைக்காரர்களிடம் ஆலை ஒரு குடும்பம் என்று சொன்னாராம். பயிற்சி அம்மா இப்போது வேறு ஊரில் ஒரு சிமென்ட் ஆலையில் பயிற்சி நடத்துகிறார். அங்கே செடி இல்லை, பறவைகள் என்று கேள்வி.

என் மனைவி என்னைப் பார்க்க ஒரே ஒரு முறை வந்தாள். வாளியோடு செடியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே கொண்டுவரக் காவலர் விடவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் நான் மட்டும் செய்கிற காரியம். கடைசியில், "நீங்க தொட்டுட்டுப் போன பிறகு அது திறக்கறதை ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும் என்று சொன்னேன். அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

மூன்றாம் டிரையர் வியாழக்கிழமை முதல் ஓடுகிறது. கதவில் செருகியிருந்த தகட்டை எடுத்துவிட்டார்கள். எண் போட்ட பூட்டுகள் திரும்பி வந்துவிட்டன. மடிப்பு அக்கா பழைய இடத்துக்கே போய்விட்டார். அட்டைகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொதிகலனில் போட்டுவிட்டாராம் பாய்லர் அண்ணன். ஆலமரம், தாமரை, வெங்காயம் எல்லாம் போயின. மிச்சம் இருப்பது உங்கள் மேசைமேல் இருக்கிற இந்த ஒன்றுதான்.

நான் சொன்னதெல்லாம் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடிந்ததும் அந்த அட்டையை என்னிடம் கொடுத்துவிடுங்கள். அது என்னுடையது. இலைகளை மட்டும் தப்பாகத் திறந்து வரைந்திருக்கிறான். ஒரு பென்சில் கிடைத்தால் மூடிவிடுவேன்.